ஒன்பதுக்குப் பின்னால் இருந்த நான்கு

"யாரைக் கேட்டு விலையை ஏத்தினே?"

ஏணியின் ஆறாவது படியில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்துக் கீழேயிருந்து ஒரு டாக்ஸிக்காரர் கேட்டார். சித்தப்பாவின் பெட்ரோல் பங்கில் நான் வேலைக்குச் சேர்ந்து அது மூன்றாவது நாள். கையில் ஏழு என்று எழுதிய தகரத் தகடு. விலைப் பலகையில் அதை மாட்டிவிட்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

"நேத்து ஒரு விலை, இன்னைக்கு ஒரு விலை. காலையில பல்லு விளக்கும்போது தோணுச்சா உனக்கு?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் பணம் எடுக்கச் சட்டைப் பைக்குள் கைவிட்டபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு வாய் அப்படி. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் தொண்டையில் ஒரு கல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கல்லோடு மல்லுக்கட்ட முடியாமல்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன். சித்தப்பா என்னை ஊமைக்கோட்டான் என்பார். அன்பாகத்தான்.

அன்று மதியம் ஆயில் டப்பாக்கள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து, ஒரு பழைய நோட்டில் அந்தக் கேள்வியை எழுதினேன். கீழே பதிலுக்கு நான்கு வரி இடம் விட்டேன். இரண்டு வருடம் ஆகிறது. நோட்டுகள் ஏழு ஆகிவிட்டன. யாருக்கும் தெரியாமல் கிரீஸ் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பதில் இன்னும் முடியவில்லை.

முதலில் சுலபம் என்றுதான் நினைத்தேன். ஏற்றச் சொன்னது சித்தப்பா. சித்தப்பாவுக்குச் சொன்னது எங்களுக்குப் பெட்ரோல் அனுப்பும் டிப்போ. காலை ஆறரைக்கு அங்கிருந்து போன் வரும். "ம்... ம்... அடப்பாவி... ம்..." என்பார். 'அடப்பாவி' வந்தால் ஏணியை எடுக்க வேண்டும் என்று ஒரே வாரத்தில் பழகிவிட்டது. சரி, டிப்போவுக்கு யார் சொன்னார்கள்? துறைமுகத்தில் எண்ணெய் இறக்கும் கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு? இந்த இடத்தில்தான் என் கால் தரையை விட்டு எழும்பத் தொடங்கியது.

சித்தப்பாவின் அறையில் ஒரு ரேடியோ நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும். ஒரு மதியம், எண்ணெய் எடுக்கும் நாடுகளின் அமைச்சர்கள் கூடிப் பேசி, ஒவ்வொரு நாளும் எடுக்கும் அளவைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது. சித்தப்பா சோற்றுக் கையோடு எழுந்தார். "அங்கே அவனுங்க குழாயை மூடுறானுங்க, இங்கே நான் வாங்கிக் கட்டிக்கணும்!" மூன்றாம் நாள் காலையில் 'அடப்பாவி' வந்தது. இரண்டையும் நோட்டில் எழுதி நடுவில் கோடு இழுத்தேன். அடுத்த தடவையும் அப்படியே. 'கூடுதலாக எடுப்போம்' என்று செய்தி வந்தால் விலை இறங்கும். ஆனால் மெதுவாக, இருட்டில் படி தேடுகிற கால் மாதிரி. ஏறும்போது மட்டும் இரண்டு இரண்டு படியாகத் தாவும்.

நினைக்க நினைக்க எனக்குப் புல்லரித்தது. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு மேஜையைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் குடித்திருப்பார்கள். ஒருவர் இன்னொருவரைப் பார்த்துத் தலையசைத்திருப்பார். அந்தத் தலையசைப்பில் எங்கோ மணலுக்கு நடுவே ஒரு குழாயின் வாய் கால் சுற்று மூடிக்கொள்கிறது. அந்தக் கால் சுற்று கடல் தாண்டி, துறைமுகம் தாண்டி, டிப்போவின் போன் வழியாக வந்து, ஏணியில் நிற்கும் என் கையில் தகடாக முடிகிறது. கடைசித் தலையசைப்பு என் கைதான்.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. தினமும் காலையில் தரைத் தொட்டியின் மூடியைத் திறந்து, டிப் ராடை உள்ளே விட்டு, எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது என்று பார்ப்பது நான்தான். ராடை இழுக்கும்போது நனைந்த கோடு மினுங்கும். நான் படித்து முடிப்பதற்குள் காற்றில் காய்ந்து மறைந்துவிடும். அங்கே உள்ளே கிடப்பது போன வாரமே வந்து சேர்ந்த பெட்ரோல். அதற்கு எந்தக் கூட்டமும் தெரியாது. எந்த மேஜையும் தெரியாது. இருட்டில் சும்மா படுத்திருக்கிறது. ஆனாலும் மேலே நான் ஒரு தகடு மாட்டினால், கீழே அதற்கு விலை ஏறிவிடுகிறது! இது என்ன கூத்து என்று டேங்கர் லாரி ஓட்டுநரிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன். அவரிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும், அவர் பதிலுக்கு நேரம் கொடுக்க மாட்டார் என்பதால்.

"அட, இந்த லோடை வித்த காசுல தானே அடுத்த லோடு வாங்கணும்? அது புது விலை. அதான்" என்றார். பிறகு தன் வழக்கப்படி, "கப்பல்ல என்ன நடக்குதுன்னா..." என்று ஆரம்பித்தார். எதைக் கேட்டாலும் அங்கேதான் ஆரம்பிப்பார். அதனால் அவருக்குப் பெயரே கப்பல்காரர்.

அன்று அவர் சொன்னது மூன்று பக்கம் வந்தது. எண்ணெய் நாடுகள் எல்லாம் குறைத்துக்கொள்கிறோம் என்று கை குலுக்கிவிட்டுப் போய்விடும். ஆனால் ஊருக்குப் போனபின் எவன் எவ்வளவு எடுக்கிறான் என்று மற்றவனுக்கு எப்படித் தெரியும்? ஒருத்தன் தொட்டிக்குள் இன்னொருத்தன் டிப் ராடு விட முடியாது. அதனால் கப்பல் எவ்வளவு ஆழம் அமுங்கிப் போகிறது என்று பார்ப்பார்களாம். நிறைந்த கப்பல் தாழ்ந்து போகும், வெறும் கப்பல் மிதந்து போகும்.

"அது மட்டுமா? பெரிய பெரிய எண்ணெய்த் தொட்டிக்கு மூடி எண்ணெய் மேலேயே மிதக்கும். எண்ணெய் குறைஞ்சா மூடி உள்ள இறங்கும். இறங்கினா தொட்டிச் சுவரோட நிழல் உள்ள நீளமா விழும். மேலே வானத்துல சுத்துது பாரு சாட்டிலைட், அது அந்த நிழலைப் படம் எடுக்குது. நிழலை அளந்தா எவ்வளவு எண்ணெய்னு கணக்கு வந்துடும்."

"நிழலையா?" என்றேன்.

"நிழலைத்தான்."

அவர் லாரி போனபின் வெகுநேரம் எங்கள் பங்கின் கூரை நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உலகத்தில் இத்தனை பெரியவர்கள், இத்தனை கப்பல்கள், கடைசியில் ஒருவர் நிழலை ஒருவர் அளந்துகொண்டு வாழ்கிறார்கள்.

பிறகுதான் எனக்கு உறைத்தது, எங்கள் சாலையிலும் அதுதான் நடக்கிறது என்று.

இந்தச் சாலையில் மூன்று பங்குகள். ஒன்று எங்களுடையது. எதிர்ப்பக்கம் சற்றுத் தள்ளி இருப்பது சித்தியின் அண்ணனுடையது. எனக்கு அவர் மாமா முறை. அவருக்கும் சித்தப்பாவுக்கும் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் மற்றவரை 'சாப்பிட்டீங்களா' என்று கேட்கவில்லையாம். யார் யாரைக் கேட்கவில்லை என்பதில் இன்றுவரை வழக்கு தீரவில்லை. ஆனால் பேசாத இந்த இரண்டு பேருக்கும் பலகை பேசும். யாருடைய லோடு முதலில் புது விலையில் வருகிறதோ அவர் முதலில் மாற்றுவார். மற்றவர் பார்த்து அதே எண்ணை மாட்டுவார். ஒரு எண் கூடாது, ஒரு எண் குறையாது. இதை எங்கும் எழுதி வைக்கவில்லை, யாரும் வாயால் சொன்னதும் இல்லை. மாமா தன் மாடியில் நாற்காலி போட்டு, கழுத்தில் தொங்கும் பைனாகுலரால் எங்கள் பலகையைப் பார்ப்பார். ஊரே அவரைப் பைனாகுலர் மாமா என்றுதான் சொல்லும். சித்தப்பா வெறும் கண்ணால், தலை சீவுவது போல நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பார். சீவ அங்கே ஒன்றும் இல்லை.

மூன்றாவது பங்கு வளைவில் இருக்கிறது. அங்கே ஒரே ஒரு பம்புதான். அதனால் அதை நடத்துகிறவருக்கு ஒத்தைப்பம்பு அக்கா என்று பெயர். கணவர் போனபின் தனியாக நடத்துகிறார். அவரிடம் தகடெல்லாம் கிடையாது, கரும்பலகையும் சாக்பீஸும்தான். வளைவிலிருந்து இரண்டு பலகையையும் பார்த்துவிட்டு எழுதுவார். "பெரியவங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா? சரி, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்பார். குனிய முடியாத இடுப்பு அவருக்கு. அதனால் அவர் தொட்டிக்கும் டிப் பார்க்கத் தினமும் நான்தான் போவேன். டீ தருவார். பேசு பேசு என்று பிடுங்க மாட்டார். அவர் பங்கில் நான் ஊமைக்கோட்டான் இல்லை, வெறுமனே பேசாத ஒரு பெண்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பலகையில் மூன்று நீளமான கொக்கிகள். ஒவ்வொன்றிலும் ஒரு எண். விலை மாறும்போது பழைய தகட்டைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து பெட்டியில் வைக்க வேண்டும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். நான் செய்வதில்லை. புதியதைப் பழையதின் மேலேயே மாட்டிவிடுவேன். போன விலை எப்படியும் திரும்பி வரும், எதற்கு இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும் என்ற சோம்பல். இன்னொன்றும் உண்டு. நேற்றைய விலை இன்றைய விலைக்குப் பின்னாலேயே இருக்கிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த மாதம் எண்ணெய் நாடுகள் மறுபடி குறைக்க ஒப்புக்கொண்டன. நூற்று நான்காக இருந்த விலை நூற்று ஒன்பது ஆனது. நான்கின் மேல் ஒன்பதை மாட்டினேன். மாமாவும் மாட்டினார். அக்கா எழுதினார். இரண்டு நாள் கழித்துப் புதன்கிழமை, ஒரு லாரி தெறித்த சேறு ஒன்பதின் முகத்தில் அப்பியிருந்தது. வாளியோடு ஏறி ஒன்பதைக் கழற்றி எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாய்க்குப் போனேன். அந்தக் குழாய் நூல் போலத்தான் ஒழுகும். பாதி கழுவும்போது கப்பல்காரரின் ஹாரன் கேட்டது. லோடு இறக்க டிப் பார்க்க வேண்டும். ஓடினேன். தகடு வாளியிலேயே ஊறிக்கொண்டு கிடந்தது. லோடு இறங்கி முடிய ஒன்றரை மணி நேரம். பிறகு நினைவு வந்து, துடைத்து, மாட்டினேன்.

அந்த ஒன்றரை மணி நேரம் எங்கள் பலகையில் நூற்று நான்கு இருந்திருக்கிறது. எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் விலை நூற்று ஒன்பதுதான்; லோடு இறங்கும்போது பம்பு ஓடாது என்பதால் அந்த நான்கைப் பார்த்து யாரும் வந்து கேட்கவும் இல்லை.

நான் இறங்கி ஏணியை மடக்குவதற்குள் சித்தப்பா அலறினார். "பார்த்தியா அவன் வேலையை! நூத்தி மூணு போட்டிருக்கான்! என் மச்சான்டா! கல்யாண வீட்டுல காட்டின புத்தியைப் பங்க்லயும் காட்டிட்டான்டா!"

எதிர்ப் பலகையில் நூற்று மூன்று. எங்கள் வரிசையிலிருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக வளைந்து அந்தப் பக்கம் போயின.

"ரெண்டு மாட்டு" என்றார் சித்தப்பா. மாட்டினேன். மறுநாள் மாமா நூறு. சித்தப்பா தொண்ணூற்றெட்டு. மாமா தொண்ணூற்றேழு. சித்தப்பா தொண்ணூற்றாறு. மாமாவும் தொண்ணூற்றாறு. டிப்போ விலையே நூற்று இரண்டு! வாங்கிய விலைக்கும் கீழே இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு ஊற்றினார்கள். சாலை அடைத்துக்கொண்டது. பிளாஸ்டிக் கேனோடு வந்தவர்களை விரட்டவே ஓர் ஆள் வேண்டியிருந்தது. பழைய டாக்ஸிக்காரர் கண்ணாடியை இறக்கி என்னைக் கும்பிட்டார். "தாயே, நல்லா இருக்கணும்! உன் கை ராசியான கை!"

அவர் சிரிப்பு இந்தத் தடவை பைக்குள் கை விட்ட பிறகும் இருந்தது. அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதையும் மறைக்காமல் நோட்டில் எழுதினேன்.

ஆனால் வெள்ளி காலையில் அக்காவின் தொட்டியில் ராடை விட்டபோது நாற்பத்தெட்டு சென்டிமீட்டர்தான் காட்டியது. அக்கா கரும்பலகையில் தொண்ணூற்றாறு எழுதிவிட்டுச் சாக்பீஸ் தூளை ஊதினார்.

"அவங்க ரெண்டு பேருக்கும் தொட்டி பெரிசு. டிப்போவுல தவணையும் உண்டு. ஒரு மாசம்கூடச் சண்டை போடுவாங்க. எனக்கு அப்படியா? ரொக்கம் கொண்டுபோனாத்தான் லோடு. இப்படி வித்தா அடுத்த லோடுக்குப் பணம் தேறாது."

நான் கரும்பலகையைக் காட்டினேன், ஏற்றி எழுதலாமே என்பது போல.

"ஏத்தி எழுதினா ஈ கூட வராதும்மா. இந்த லோடு தீர்ந்தா முடிஞ்சுது. தொட்டியில மணலைக் கொட்டி மூடிடுவாங்களாம், டிப்போவுல கேட்டுட்டேன். தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவ புருஷன் இப்பவே 'பாத்திரம் கழுவ ஆள் வேணும்'னு ஜோக் அடிக்கிறான்." அக்கா சிரித்தார். "ஜோக்தான் அடிக்கிறான்னு நினைக்கிறேன்."

வியாழன் அறுபத்திரண்டு, வெள்ளி நாற்பத்தெட்டு. சனி முப்பத்தொன்று. பதினைந்துக்குக் கீழே பம்பு இழுக்காது. ராடில் ஈரம் காய்ந்து மறைவதைப் பார்க்க எப்போதும் எனக்கு ஆசையாக இருக்கும். அந்த வாரம் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் கப்பல்காரர் வந்தார். அவர் மூன்று பங்குக்கும் லோடு கொண்டுபோகிறவர். சித்தப்பாவின் அறை வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க மச்சான் சொல்றார், நீங்கதான் முதல்ல இறக்கினீங்களாம். புதன்கிழமை பதினோரு மணிக்கு உங்க போர்டுல நூத்தி நாலு. பைனாகுலர்ல பார்த்தாராம்."

"பொய்! அவன் பைனாகுலர்ல பீளை!" என்றார் சித்தப்பா. "என் போர்டுல நூத்தி நாலு எப்படிடா வரும்? நான் பைத்தியமா?"

"மூணு தடவை துடைச்சுத் துடைச்சுப் பார்த்தாராம் அண்ணே."

நான் கையிலிருந்த துணியைக் கீழே போட்டேன். புதன்கிழமை. பதினோரு மணி. சேறு. வாளி. ஒன்பதுக்குப் பின்னால் இருந்த நான்கு.

ஆயில் அறைக்குப் போய் நோட்டை எடுத்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: 'புதன். தகடு கழுவினேன். நடுவில் லோடு வந்தது.' இரண்டே வரி. அதற்கு முந்தைய பக்கங்களில் நிழலை அளப்பதைப் பற்றி அவ்வளவு வியந்து எழுதியிருந்தேன். எங்கள் சாலையின் நிழலை நான்தான் தவறாக விழ வைத்திருக்கிறேன் என்று தெரியாமல். பயத்தோடு பயமாக எனக்கு மலைப்பும் வந்தது, பொய் சொல்லவில்லை. பதினோரு வருடம் ஒரு வார்த்தை இல்லாமல் நின்ற ஒப்பந்தம். கொக்கியில் தொங்கிய ஒரு தகரத் துண்டுதான் அதன் முழு பலமும். உலகத்தின் பெரிய மேஜையும் இப்படித்தான் ஒரு கொக்கியில் தொங்குகிறதா? அங்கேயும் என்றாவது ஒருத்தி எதையாவது கழுவ எடுத்து, யாராவது தூரத்திலிருந்து பார்த்து, ஒரு நாடே குழாயைத் திறந்துவிட்டிருக்குமா? அப்படித் திறந்து விலை விழுந்தால், அங்கேயும் முதலில் மூட வேண்டி வருவது மணலில் சுலபமாக எடுக்கிறவன் இல்லை. கடலுக்கு அடியில் கஷ்டப்பட்டுத் தோண்டுகிறவன்தான். அங்கேயும் ஓர் ஒத்தைப்பம்பு அக்கா இருப்பார்.

சித்தப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். அறை வாசலில் நின்றேன். கல் வந்து உட்கார்ந்துகொண்டது.

"சித்தப்பா..."

"என்ன? வாட்டர் பேஸ்ட் தீர்ந்துடுச்சா?"

"ம்" என்றேன்.

சாயங்காலம் புது டப்பா வாங்கிவந்து வைத்தார். தொட்டியில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ராடின் நுனியில் தடவும் பசை அது. ஏற்கனவே மூன்று டப்பா இருந்தது.

ஞாயிறு காலை அக்காவின் தொட்டியில் பதினேழு. அக்கா அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கணவரின் சட்டை ஒன்று மடித்து அட்டைப்பெட்டியில் இருந்தது. "டீ ஆறிடப் போகுது" என்றார். நான் குடிக்காமல் ஓடிவந்தேன்.

எங்கள் பங்கில் வண்டிகள் சாலை வரை நின்றன. பின்பக்கம் போய் வாளியில் தண்ணீர் பிடித்தேன். ஏணியைச் சாய்த்து ஏறினேன். ஆறாவது படி. பலகையில் தொண்ணூற்றாறு. நூறின் இடத்தை மறைத்திருந்த எண் இல்லாத வெறும் தகட்டைக் கழற்றினேன், ஒன்று என்ற எண் வெளிப்பட்டது. நடுவிலிருந்த ஒன்பதைக் கழற்றினேன், பூஜ்யம். கடைசிக் கொக்கியில் ஆறைக் கழற்ற எட்டு வந்தது, எட்டைக் கழற்ற இரண்டு, இரண்டைக் கழற்ற ஒன்பது. ஒரு வாரம் என் கையில் பின்னோக்கிப் போனது. பலகை நூற்று ஒன்பது என்றது.

கீழே பெரும் கூச்சல். ஹாரன்கள். டாக்ஸிக்காரர் வண்டியிலிருந்து இறங்கியே விட்டார். "அடியே ராசிக்காரி, என்ன பண்றே நீ?"

நான் எதிர்மாடியைப் பார்த்தேன். மாமா பைனாகுலரைத் தூக்கிவிட்டார். இரண்டு சின்னக் கண்ணாடிகளில் வெயில் பட்டுத் தெறித்தது. நன்றாகத் தெரியும்படி ஒன்பதைக் கழற்றினேன். நான்கு. ஒன்பதை வாளியில் முக்கி எடுத்து, துணியால் துடைத்து, தூக்கிக் காட்டினேன். மாட்டினேன். நூற்று ஒன்பது. மறுபடி கழற்றினேன். நான்கு. கழுவினேன். மாட்டினேன். தண்ணீர் முழங்கை வழியாக ஓடி இடுப்பு வரை நனைத்தது. மூன்றாவது தடவை கழற்றியபோது எதிர்மாடி நாற்காலி காலியாக இருந்தது.

சித்தப்பா அறையிலிருந்து பாய்ந்து வந்தார். "யாரைக் கேட்டு விலையை ஏத்தினே?"

இரண்டு வருடம் முன்பு கேட்ட அதே கேள்வி. அதே படி. ஏழு நோட்டில் நான் தேடிய ஆட்கள் எல்லோரும், மேஜையும் கப்பலும் நிழலும், என் வாய்க்குள் வந்து முட்டினார்கள். வெளியே வந்தது ஒரு வாக்கியம்தான்.

"யாரையும் கேட்கல சித்தப்பா. அன்னைக்கு நான் கழுவத்தான் எடுத்தேன்."

"என்னத்தை?"

ஒன்பதைத் தூக்கி நான்கைக் காட்டினேன். சித்தப்பா பலகையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. கல் அவருக்கும் உண்டு போலிருக்கிறது.

அப்போதுதான் மாமா சாலையைக் கடந்து வருவதைப் பார்த்தேன். பதினோரு வருடத்தில் அவர் இந்தப் பக்கம் வந்ததில்லை. பைனாகுலர் வயிற்றின் மேல் மோதி மோதி ஆடியது. வண்டிகள் நின்று வழிவிட்டன. ஏணியின் கீழே வந்து நின்று நிமிர்ந்தார். அவ்வளவு கிட்டத்தில் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. கண்ணைச் சுற்றிப் பைனாகுலர் பதிந்த வட்டம் இருந்தது. என் ஈரத் துணியைப் பார்த்தார். சொட்டும் ஒன்பதைப் பார்த்தார். எட்டி நின்ற சித்தப்பாவைப் பார்க்கவில்லை. சித்தப்பாவும் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே வாளி இருந்தது.

பிறகு மாமா தன் பங்குப் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தி ஒரு தடவை ஆட்டினார். அங்கே விலையைத் திரும்ப ஏற்ற ஏணி எடுத்தார்கள். வளைவில் ஒத்தைப்பம்பு அக்கா கரும்பலகைக்கு முன்னால் இடுப்பில் ஒரு கையும் சாக்பீஸில் ஒரு கையுமாக நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. இரண்டு பலகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா என்னை நோக்கிக் கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒன்பதுக்குப் பின்னால் விரலை விட்டு, நான்கைக் கழற்றி, குனிந்து அவர் கையில் கொடுத்தேன். துரு படிந்திருந்தது. அவர் அதைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தார். அக்குளில் இடுக்கிக்கொண்டார். திரும்பி, நின்ற வண்டிகளுக்கு நடுவே புகுந்து, சாலையைக் கடந்து போனார்.